ஓராள் இடைவெளி

வீட்டு வளவின் கோடியில் அடைத்திருந்த பெரிய வாத்துகள் இரண்டும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கியபோது, தயாளினியின் முன்னாலிருந்த பெட்டிக்குள் முதல் முட்டை விரிசல் விட்டது. நடுப்பகல். வாசல் படலை பூட்டியிருந்தது. அந்நிய ஆள் யாராவது வளவுக்குள் கால் வைத்தால்தான் அவை அப்படிக் கத்தும்.

அவள் எழுந்து பார்க்கவில்லை. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் எழும்பக்கூடாது. கண் திறந்து அது முதலில் பார்க்கும் முகம்தான் அதற்குத் தாய். பிறகு அந்த முகத்தின் பின்னால்தான் நடக்கும். நெற்றிப் புடைப்பும் நீண்ட கழுத்துமான இந்தப் பழைய சாதி, கலப்பில்லாமல் உரும்பிராயில் அவளுடைய வளவில்தான் மிஞ்சியிருந்தது. பெட்டை தன் முட்டைகளைத் தானே மிதித்து உடைத்ததால், தப்பியவற்றைப் பல்ப் எரியும் பெட்டியில் வைத்துவிட்டு, தாயாக இருப்பதற்கு அவளே முன்னால் குந்தியிருந்தாள்.

ஈரக் குஞ்சு கழுத்தைத் தூக்கியது. அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால், பின்சுவர்ப் பக்கம் எதையோ பார்த்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

திரும்பினாள். வெறும் சுவர். ஆனால், பாழுங்கிணற்றுப் பாசியின் மணம் அறைக்குள் நின்றது.

குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும், அவள் புல்லுக்குப் போனால் பின்னால் வரிசையாக வந்தன. அவளுடைய கணவன் நிருஷன் குசினி வாசலில் நின்று சிரித்தான்.

“என்னப்பா, உம்மிலை நாத்தமோ? உம்மடை பிள்ளையள் இவ்வளவு தள்ளி வருகுதுகள்.”

அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய குதிக்காலுக்கும் முதல் குஞ்சுக்கும் நடுவே, ஓராள் நடக்கக்கூடிய இடைவெளி. அவள் நின்றால் அவையும் நின்றன. இடைவெளி குறையவில்லை. கழுத்தை உயர்த்தி, அந்த வெற்றிடத்தின் மேற்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இஞ்சை பாருங்கோ, உதுகள் என்னைப் பாத்து வரேல்லை.”

“பின்னை ஆரைப் பாக்குதுகள்? என்ரை வடிவையோ?”

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

அவர்களின் மகள் மதுராவுக்கு ஐந்து வயது. ஒருநாள் குஞ்சுகளோடு விளையாட ஓடிவந்தவள், அந்த இடைவெளிக்குள் புகுந்துவிட்டாள். வரிசை சிதறியது. பெரிய வாத்துகள் கம்பி வலையில் நெஞ்சை மோதிச் சீறின. மதுரா அண்ணாந்து பார்த்து, மெதுவாக, “ஓம்,” என்றாள்.

“ஆருக்குப் பிள்ளை ஓம் சொன்னனீங்கள்?”

“உங்களுக்குத்தான். என்னோடை வாறியோ எண்டு கேட்டனீங்கள் எல்லோ?”

தயாளினி வாயே திறந்திருக்கவில்லை.

அதன் பிறகு அவள் பிள்ளையை முற்றத்தில் இறங்க விடவில்லை. சாதியும் வேண்டாம், குஞ்சும் வேண்டாம், இணுவிலில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அன்றிரவே நிருஷனிடம் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை கொண்டுபோறன். அதுவரைக்கும் பேயோடை கொழுவிச் சண்டை பிடிக்காமல் இரும்.”

வியாழன் பின்னேரம் மழை பிடித்தது. தகரக் கூரையில் இடைவிடாமல் கொட்டிய இரைச்சலில் வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை. செம்மண் கரைந்து முற்றமெல்லாம் சிவப்பாய் ஓட, நனைந்த தவிட்டின் புளித்த வாடை குசினிவரை ஏறியது. கரண்ட் போய்விட்டது. மதுரா அறையில் நித்திரை. நிருஷன் இன்னும் வரவில்லை. குஞ்சுகளின் கூட்டுக்குத் தறப்பாள் போர்த்த தயாளினி மழைக்குள் ஓடினாள்.

கூடு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சேற்றில் சின்னஞ்சிறு கால்தடங்கள். ஒற்றை வரிசை. வீட்டை நோக்கி.

அவள் ஓடினாள். படியில் சேறு. விறாந்தையில் சேறு. வாசலைத் தாண்டி உள்ளே, நனைந்த குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைப்பக்கம் நடந்துகொண்டிருந்தன. அவசரமில்லாமல். கழுத்துகளை உயர்த்தியபடி. முதல் குஞ்சுக்கு முன்னால் ஓராள் இடைவெளி. அந்த வெற்றுத் தரையில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டு போனது.

அறை வாசல் வந்ததும் குஞ்சுகள் நின்றன.

சொட்டுகள் நிற்கவில்லை. உள்ளே போயின.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தயாளினி பாய்ந்து தள்ளினாள். அசையவில்லை. கதவில் காதை ஒட்டினாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, நித்திரை கலையாத மதுராவின் குரல்.

“கையை விடுங்கோ அம்மா, நோகுது.”