பாதிக் கொய்யா

ஐந்தரை மணிச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் வீட்டுக்குள் அது ஊதிக்கொண்டிருந்தது.

மயிலாத்தாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தாள். மில் சங்கு ஊதும்போதெல்லாம் கூடவே தொண்டைக்குள் முனகுவது வர்ஷினியின் வழக்கம். நாலு வயது முடிந்தும் மகளிடமிருந்து வந்த ஒரே சத்தம் அதுதான். ம்ம்ம் என்று இழுத்து, கடைசியில் சின்னதாக ஒரு விக்கலோடு முடிப்பாள். இப்போது கேட்டதும் அதேதான். விக்கல்கூட இருந்தது.

ஆனால் வர்ஷினி சமையற்கட்டின் வாசற்படியில், அவள் கண்ணெதிரே, வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

முனகல் முன்னறையில் தொங்கிய கூண்டிலிருந்து வந்தது.

கிளிகள் வந்து அதிக நாளாகவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் பழுது பார்க்கப் போன காளிச்சாமி, கூண்டும் கையுமாக வந்து இறங்கினான்.

"தோட்டத்துக்காரம்மா தவறிப்போட்டாங்க. குழந்தையம்மாள்னு பேரு. பொறவாசல் அறையில ரொம்ப வருசமாப் படுக்கையாமா. இந்த ரெண்டும்தான் தொணை. வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போங்கன்னு ஊட்டுக்காரங்க சொல்லிப்போட்டாங்க. நம்ம புள்ளைக்கு ஆகுமில்ல?"

ஆகும். கிளி கொத்திய பழத்தைத் தின்றால் பேச்சு வராத குழந்தைக்குப் பேச்சு வரும். பொள்ளாச்சிப் பக்கம் அவள் பிறந்த ஊரில் அதற்காகவே விடிகாலையில் கொய்யா மரத்தடியில் பழம் பொறுக்குவார்கள். கணபதிப் பகுதியின் இந்த லைன் வீட்டில் மரத்துக்கு எங்கே போவது? கோயம்புத்தூரில் அவர்கள் காட்டாத டாக்டர் இல்லை. காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நன்றாக இருந்தும் ஒரு தடவைகூட அம்மா என்று அழைத்ததில்லை.

மயிலாத்தாள் வாசலிலேயே நிறுத்திக் கூண்டுக்கு ஆரத்தி சுற்றினாள். காளிச்சாமி சிரித்தான்.

"ஏம்புள்ள, பொண்ணு மாப்பிள்ளையா வந்திருக்குது?"

"சும்மா இருங்க. நம்மூட்டுக்கு மொத மொத வர்ற சீவனுங்க." கூண்டைப் பார்த்து, "வாங்க, உள்ளார வாங்க" என்றாள்.

"வாரேன் அம்மணி," என்றது பெண்கிளி.

கிழவியின் குரல். சளி கட்டிய நெஞ்சிலிருந்து வந்தது. இருவரும் திடுக்கிட்டு, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அது பேசியபடியே இருந்தது. இருமும். "ஆருங்க அது? வெளக்கப் போடுங்க" என்னும். வெற்றிலை கேட்கும். கழுத்தில் சிவப்பு வளையமிட்ட ஆண்கிளி பேசாது, அதை உரசி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் சிறகு வெட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை மதிலில் வந்து உட்காரத் தொடங்கியதும் மயிலாத்தாள் பகலிலும் கதவைச் சாத்தியே வைத்தாள்.

காலையில் ஒரு கொய்யாவைக் கூண்டில் வைப்பாள். பெண்கிளி கொத்தியதும் எடுத்து வர்ஷினிக்குக் கொடுப்பாள். குழந்தை பாதிதான் தின்னும். ஊரில் அந்த மிச்சத்தை ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். இங்கே குழாயில் தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒரு நாள். நல்ல பண்டத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மகள் கடித்த பாதியைத் திரும்பக் கூண்டுக்குள்ளேயே வைத்தாள். கிளி அதை விதைகூட விடாமல் தின்றது. தினமும் அப்படித்தான்.

சங்குக்கு முனகிய அன்றோடு கிளி பேச்சை நிறுத்தியது. ஆண்கிளி அதை விட்டு விலகிக் கம்பியின் மறுகோடிக்குப் போனது. புதிதாக வந்த யாரையோ பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. திரும்ப நெருங்கவே இல்லை.

மறுநாள் தலை பின்னும்போது வர்ஷினி பேசினாள்.

"மெதுவாங்க. வலிக்குது."

மயிலாத்தாள் சீப்பைப் போட்டுவிட்டு அழுதாள். காளிச்சாமி லைன் முழுவதும் ஜிலேபி கொடுத்தான். வந்தவர்களையெல்லாம் குழந்தை வாங்க என்றது, உட்காருங்க என்றது. எல்லோரும் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள்.

அழைக்கும் முறைதான் சரியில்லை. காளிச்சாமியைத் தம்பி என்றாள். மயிலாத்தாளை அம்மணி என்றாள். சாப்பிட்டதும் வெற்றிலை கேட்டாள். படுக்கும்போது அவள் தலைமயிரில் எண்ணெய் வாசனைக்கு அடியில் வேறொன்று வீசியது: தைலமும், வெகுநாள் துவைக்காத கம்பளியும், மூடிய அறையும் சேர்ந்த வாடை. இருட்டில் அந்தச் சின்ன நெஞ்சு சளியோடு கரகரத்தது.

"கிளிகிட்டக் கத்துக்கிட்டா," என்றான் காளிச்சாமி. "கெழவியாட்டம் பேசறா. பேசறாளே, அது பத்தாதா உனக்கு?"

மயிலாத்தாள் கிளி கொத்திய கொய்யாவை எடுத்து மகள் முன் வைத்தாள். வர்ஷினி அதை ஒரு விரலால் தள்ளினாள்.

"எச்சப்பழம் ஆகாதுங்க அம்மணி. ரொம்ப நாளு அதையேதான் தின்னேன்."

அதன்பின் எதைக் கொண்டு வந்தாலும் முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலகு பட்டதைத் தொடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மயிலாத்தாள் கூண்டருகே நின்றாள். பெண்கிளி கம்பியோடு ஒட்டி வந்தது. விரலை நீட்டினாள். கொத்தவில்லை. ஒரு காலால் அவள் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்தது. தூங்கும்போது வர்ஷினி பிடிப்பாள், அந்தப் பிடி.

"கண்ணு?"

கிளி முனகியது. விக்கியது.

யாரிடம் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? யாரும் இல்லாத நேரங்களில் கூண்டில் முகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா சொல்லு. சொல்லு சாமி. அம்மா. கிளி வாயைத் திறக்கும். சத்தம் வராது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வர்ஷினி நிற்பாள்.

தண்ணீர் வரும் நாள் வந்தது. காளிச்சாமி வேலைக்குப் போயிருந்தான். தெருக்குழாயில் வரிசை நீண்டது. மயிலாத்தாள் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. மதிலைப் பார்த்தாள்.

பூனை இல்லை.

ஓடினாள். தண்ணீர் சேலையை நனைத்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"வர்ஷினி!"

தட்டினாள். குடத்தைப் போட்டுவிட்டு சன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்தாள்.

கூண்டு தரையில். திறந்திருந்தது.

பச்சை இறகுகள். சுவரோரம் ஆண்கிளி. தலை இல்லை.

பெண்கிளி கூண்டின் மூலையில். வெட்டிய சிறகுகள் துடித்தன.

நாற்காலியில் வர்ஷினி. கால்மேல் கால். மடியில் பூனை.

சங்கு ஊதத் தொடங்கியது. கூண்டும் முனகியது. சங்கு ஓய்ந்தது. முனகல் ஓய்ந்தது. விக்கல்.

பிறகு, முதல் முறையாக, தெளிவாக.

"அம்மா."

மயிலாத்தாள் கம்பியை உலுக்கினாள். அசையவில்லை. கையைக் கம்பிக்குள் நீட்டினாள். எட்டவில்லை.

வர்ஷினி பூனையின் முதுகைத் தடவினாள். மெதுவாக இறக்கிவிட்டாள்.

"அம்மா. அம்மா."

வர்ஷினி இருமினாள். சன்னலைப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, கொழந்தை கூப்பிடுதே, காதுல உழுகலீங்களா?"