மத்தியானச் சொட்டு

பதினாறு நாளாக வேளை தவறாமல் விட்டும் சொட்டு மருந்து பாட்டில் குறையவே இல்லை என்பது அனுசியாவுக்கு அன்று காலையில்தான் உறைத்தது. சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பாட்டில். ஜன்னல் கட்டையிலிருந்து அதை எடுத்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடது கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். கழுத்து வரை நிறைந்திருந்தது. யாரோ ஊற்றி வைக்கிறார்கள். இந்த வீட்டில் அவளையும் மதினியையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் பேச்சிராஜ் ராணுவத்தில். இலத்தூர் வீட்டில் அவன் பெண்டாட்டி இராமலட்சுமியும் இவளும்தான். எஸ்.ஐ. தேர்வில் எழுத்தும் ஓட்டமும் தாண்டியாயிற்று. இன்னும் ஒன்பது நாளில் மெடிக்கல். கண்ணாடி போடாமல் சுவரில் இருக்கிற எழுத்தைக் கடைசி வரி வரை வாசித்தாக வேண்டும். அதற்காகத்தான் திருநெல்வேலிக்குப் போய் இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்துகொண்டாள். ஒரு மாசத்துக்குக் கண்ணில் பச்சைத் தண்ணி படக்கூடாது, வலித்தாலோ மங்கினாலோ அன்றைக்கே ஓடி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். இடது கண் பளிச்சென்று ஆகிவிட்டது. வலது கண் வலித்தது, மங்கியது, இவள் போகவில்லை. போனால் எதையாவது எழுதிவைப்பார்கள், அது மெடிக்கல் வரைக்கும் வந்து நிற்கும் என்று பயம். நாலு வருஷமாக விடியுமுன்னே எழுந்து ஓடிய ஓட்டம் அத்தனையும் அந்த ஒரு கண்ணை நம்பி இருந்தது.

வெளிச்சம் பட்டால் கருவிழிக்குள் ஊசி ஏறியது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நாளெல்லாம் உள்ரூமிலேயே படுத்துக் கிடந்தாள். குற்றாலத்துச் சாரல் பின்பக்கத் தகரத்தில் விடாமல் தூறிக்கொண்டிருந்தது, ஈரத்துணி வாடை, அடுப்படியில் நனைந்த விறகு வாடை, சுவர் ஓதம் என்று ஒவ்வொன்றாக வந்து மூக்கில் உட்கார்ந்தன. படுத்துக் கிடக்கிறவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

மதினிக்கு இவள் டிரெயினிங் போவதில் இஷ்டமில்லை. "நீயும் போய்ட்டீன்னா நான் இந்தச் செவத்தோடதான் பேசணும்" என்று போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது அது சிரிப்பாகத்தான் தெரிந்தது. காலையிலும் ராத்திரியிலும் சொட்டு விடும்போது மதினி வாய் ஓயாமல் பேசுவாள், இரண்டு கண்ணுக்கும் விடுவாள். மத்தியானத்துக்கு நானே விட்டுக்கிடுதேன் என்று அனுசியா சொல்லியிருந்தும், ஐந்தாம் நாளிலிருந்து தையல் கடையை விட்டு வந்து அவளே விட ஆரம்பித்தாள். அப்போது மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கதவுச் சத்தம்கூடக் கேட்காது. ஈரக்கை ஒன்று வந்து இமையைத் தூக்கும். வலது கண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டு. கையைக் கழுவிவிட்டுத் தொடுகிறாள், அதனால் ஈரம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கழுவினவள் துடைக்க மாட்டாளா?

அந்தச் சொட்டு எரியாது. சில்லென்று இறங்கும். இறங்கியதும் வலது கண்ணில் இருந்த வெள்ளைப் புகை மேலிருந்து கீழாக ஓடத் தொடங்கும், அருவி விழுகிற மாதிரி. நாலைந்து நாளாக அதற்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. முதலில் தூசி என்று விட்டுவிட்டாள். பிறகு அதற்குத் தோள் வந்தது. தலைமுடி வந்தது. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நேற்று பாதி திரும்பியிருந்தாள். வலி மூளைக்கு ஏறிவிட்டது என்று அனுசியா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பாட்டிலில் பாதியை வாஷ்பேசினில் கொட்டினாள். மருந்து வாடையே இல்லை. பாசி வாடை. அதோடு அருவிக்கரையில் உடம்புக்குத் தேய்த்துவிடுகிற எண்ணெய் வாடை. சாரல் தொடங்கிய வாரம் மதினி குற்றாலத்திலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள். மூலிகைத் தண்ணி என்று காய்ச்சலுக்கும் அதுதான், தலைவலிக்கும் அதுதான் அவளுக்கு. அடிப்பாவி, என் கண்ணிலேயே கை வைத்துவிட்டாயே என்று அனுசியாவுக்கு வயிறு எரிந்தது. மீதி நின்ற மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மத்தியானம் ஈரக்கை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். இமை தூக்கப்பட்டது. ஒரு சொட்டு. வெள்ளைக்குள் நின்றவள் முழுதாகத் திரும்பிவிட்டாள். முகம் முழுக்க ஈர முடி. வெகுநேரம் கழித்துத் தடவிப் போய்ப் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே, கழுத்து வரை இருந்தது.

நாலரைக்கு இராமலட்சுமி வந்ததும் பாட்டிலை நீட்டினாள்.

"இதுல அருவித் தண்ணிய ஊத்துனீங்களா மதினி?"

இராமலட்சுமி அதை வாங்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊத்துனேன்ட்டி. நாலாம் நாளு கைதவறி மருந்தெல்லாம் கொட்டிட்டு. உங்க அண்ணன் வையுவாவளேன்னு பயம். எங்கப்பாவுக்குக் கண்ணு வலிச்சா அந்தத் தண்ணியத்தான் விடுவாவ. ஒரே ஒரு வேளைதான் விட்டேன். மறுநாளே மனசு கேக்காம தென்காசி போயி புதுசு வாங்கியாந்துட்டேன். ஃபிரிட்ஜுல இருக்கு பாரு, அதத்தான் காலைலயும் ராத்திரியும் விடுதேன்."

"அப்பம் மத்தியானம்?"

"மத்தியானம் நான் எங்க வாரேன்? பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற நேரம். சோத்தையும் கட்டிக்கிட்டுல்லா போறேன். நீயே விட்டுக்கிடுதேன்னு சொன்னேல்லா?"

தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மதினி இப்போதுதான் அந்தப் பாட்டிலை உற்றுப் பார்த்தாள்.

"இது எங்கன கெடச்சுது ஒனக்கு? இத நான் அன்னைக்கே வாய்க்கால்ல எறிஞ்சேம்லா."

அனுசியா பாட்டிலைச் சட்டென்று தரையில் வைத்தாள். பிறகு மதினி மெல்லச் சொன்னாள்.

"தண்ணி புடிக்கும்போதே எனக்குச் சரியாப்படல. வெள்ளம் வருதுன்னு போலீஸ் விசிலடிச்சு எல்லாரையும் வெரட்டிட்டாவ. பொம்பளைங்க பக்கம் ஒருத்தி மட்டும் நகரல. முதுகக் காட்டிட்டு நின்னா. அவ காலடிலதான் கேன வச்சுப் புடிச்சேன்."

அனுசியாவுக்கு, தான் கண்டதை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி," என்றாள். "மெடிக்கல் போனாப் போகுது. கண்ணு வேணும்."

"மெயின்ரோட்டு விலக்குல ஆட்டோ நிக்கும். இந்தா கூட்டியாரேன். நீ எந்திரிச்சு நடக்காத." மதினி செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அனுசியா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு கண்ணும் மூடித்தான் இருந்தன. வலது கண்ணின் வெள்ளை, மூடின இமைக்குள்ளும் விழுந்துகொண்டே இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அவளைத் தேடினாள்.

அருவி இருந்தது. பாறை இருந்தது. அவள் இல்லை.

போய்விட்டாள். அனுசியா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

சிமெண்டுத் தரையில் ஈரக்கால் ஒட்டி எடுக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று.

"மதினி, ஆட்டோ கெடச்சுதா?"

தெருவில் ஹாரன் அடித்தது. வெகு தூரத்தில், வாசலுக்கும் அப்பால், மதினியின் குரல் கேட்டது. "ஏட்டி அனு, வண்டி வந்துட்டு. இந்தா வாரேன்."

பாசி வாடை. எண்ணெய் வாடை. கண்ணாடி முகத்திலிருந்து கழன்றது.

அனுசியா இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொண்டாள். ஈர விரல் வலது இமையைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. மூக்குத் தண்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

இடது இமையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, மெதுவாகத் தூக்கத் தொடங்கியது.