பன்னிரண்டாவது மீட்டர்

சுடலைமணி கயிற்றை விட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகு இன்னொரு அடி கேட்டது. இரும்புக் குண்டு அசையாமல்தான் உட்கார்ந்திருந்தது.

"எத்தனட்டி எண்ணுன?"

"மூணு."

"ரெண்டுதான் போட்டேன்."

"மூணு விழுந்துச்சு. நா என்ன செவிடா?" என்றாள் அவன் மனைவி மகா. சாக்கு மூட்டையில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

"வயித்துல இருக்கவனுக்கும் சேத்து ஒனக்குக் கேக்குது போல" என்று அவன் சிரித்தான். தனக்கும் கேட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய சுக்குப் பண்டகசாலை அது. இடித்துவிட்டு ஹோட்டல் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் அடிமண் எவ்வளவு கெட்டி என்று தெரிய வேண்டும். மூன்று கால் கம்பத்திலிருந்து குண்டைத் தூக்கித் தூக்கிப் போட, இரும்புத் தண்டுகளின் நுனியில் இருக்கும் குழாய் மண்ணுக்குள் இறங்கும். எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்கியது என்பதுதான் கணக்கு. இங்கே கணக்குப் பார்க்கக்கூட வேலையில்லை. வெண்ணெயில் கத்தியை வைத்த மாதிரி எல்லாம் தானே இறங்கியது. சேறு, அதற்குக் கீழே சேறு, அதற்கும் கீழே சேறு. காயல் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து ஊறி ஊறி, கறுத்து, அழுகல் நாற்றத்தோடு.

கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் உடைந்த கிளாம்பைப் பற்றவைக்கத் தோப்பும்படியில் இருக்கும் பட்டறைக்குப் போயிருந்தார்கள். வெளியே மழை பகலை முழுங்கிவிட்டிருந்தது. உத்தரத்து இடுக்குகளில் தண்ணீர் சொட்டும் சத்தம், எலி ஓடும் சத்தம், சுவரில் நூறு வருஷமாக ஊறிப்போன சுக்கின் காரம். வாசல் கதவை வாட்ச்மேன் அப்துல் ஜலீல் வெளியே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். பூட்டாதீங்க என்று சுடலைமணி கெஞ்சிப் பார்த்தான்.

"உள்ள புள்ளத்தாச்சி இருக்கா பாய்."

"அதுக்கு நான் எந்தா செய்ய? தேக்குப் பலக காணாமப் போயி. பூட்டித்தான் போணும்னு மொதலாளி ஆர்டர். சோறு தின்னுட்டு வேகம் வரும்" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார் அவர்.

சுடலைமணி தண்டுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்து, நுனிக் குழாயைக் கழற்றினான். இரண்டாகப் பிளந்து திறக்கிற குழாய் அது. வேலைக்காரர்கள் ஸ்பூன் என்பார்கள். திறந்ததும் அவனுக்கு ஆச்சரியம். பன்னிரண்டாவது மீட்டரில் நாற்றமே இல்லை. கோடை மழை விழுந்த செம்மண் தரையின் வாசனை, வாயில் எச்சில் ஊறவைக்கும் வாசனை, அந்தக் கறுத்த மண்ணிலிருந்து கிளம்பியது. பாலித்தீன் பையில் கட்டி, மீட்டர் எழுதி, மகா பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயை மாட்டித் தண்டுகளைத் திரும்ப இறக்கினான். கடைசித் தண்டை முடுக்கிவிட்டுத் திரும்பியபோது பை அவிழ்ந்து கிடந்தது. மண்ணில் பல் பதிந்திருந்தது.

"ஏட்டி! இதத் தின்னியா?"

"கொஞ்சூண்டுதாங்க." கடைவாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பல்லெல்லாம் கறுப்பு. "வாசன விட மாட்டேங்குது."

வீட்டிலும் அவள் இப்படித்தான். அடுப்புச் சாம்பல், ஓட்டுச்சில்லு, திருநீறு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தின்பாள். மாசமாக இருக்கிறவளுக்கு வாய் கேட்பதைக் கொடுக்க வேண்டும் என்று அவனும் விட்டுவிடுவான். ஆனால் வெயில் படாத மண்ணை, யார் எதைப் புதைத்தார்கள் என்று தெரியாத மண்ணை? கோபம்தான் முதலில் வந்தது. அதற்குள்ளேயே பயமும் இருந்தது.

"துப்புட்டி. வாயக் கொப்பளி."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்.

குண்டு அசையவில்லை. சத்தம் தண்டிலிருந்து வந்தது. தண்டின் அடியிலிருந்து. சுடலைமணி மெல்லப் போய் அதைத் தொட்டான். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளங்கைக்குள் ஒரு அதிர்வு வந்து மோதியது. சட்டென்று இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு நீளமாக, யாரோ உள்ளேயிருந்து காலை நீட்டிச் சோம்பல் முறிக்கிற மாதிரி ஒரு தள்ளல்.

அவனுக்கு அது தெரியும். தினமும் படுக்கும்போது மகாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவான். இரண்டு குட்டி உதை, கொஞ்சம் ஓய்வு, பிறகு வலது விலாவுக்குக் கீழே ஒரு நீளமான தள்ளல். 'என் மகன் பந்து விளையாடுதான்' என்று ஊருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்ட உதை அது.

"ஏங்க." மகாவின் குரல் இறங்கியிருந்தது. "இவன் அசையலியே."

ஓடி வந்து வயிற்றில் கை வைத்தான். காத்திருந்தான். இடத்தை மாற்றி வைத்தான். காதை வைத்தான். அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது.

பின்னால் தண்டில், டொக் டொக்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது ஒன்றுதான் அவன் புத்தியில் நின்றது. பிள்ளை பிழைக்க வேண்டும். கதவில் போய் மோதினான். பாய், பாய் என்று கத்தினான். மழை அவன் குரலைத் தெருவுக்கு விடவில்லை. ஜலீலுக்குப் போன் போட்டான். மணி அடித்தது, கதவுக்கு உள்ளேயே, நாற்காலியில் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன போனில். பட்டறைக்குப் போன இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. கதவின் அடியிடுக்கு வழியாக கடல் பொங்கி ஏறும் வேலியேற்றத் தண்ணீர் தெருக்குப்பையோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. தோளால் இடித்தான். அந்தக் காலத்து மரம். அசையவேயில்லை.

"அவன் அங்கதான் இருக்கான்." மகா குழியைக் காட்டினாள். அழவில்லை. "எடுத்துத் தாங்க."

"சும்மா கெட!"

"மூச்சு முட்டும்லா. எடுங்க."

அவன் எஞ்சினைக் கிளப்பினான். ஏன் கிளப்பினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வேறு வழி தெரியாதவன் தெரிந்த வேலையைத்தான் செய்வான். கயிறு இறுகியது. மூன்று கால் கம்பம் முனகியது. வெண்ணெயாக இருந்த சேறு இப்போது விடவில்லை. கீழே ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு, விட்டது.

தண்டுகள் வந்தன. ஒன்று. அடுத்தது. அடுத்தது. கடைசியில் ஸ்பூன்.

சூடாக இருந்தது.

திறந்தான். மண்ணின் மேல் ஒரு பாதம் பதிந்திருந்தது. அவன் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. குதிகால், உள்ளங்கால், அரிசி அரிசியாக ஐந்து விரல். வெளியேயிருந்து அழுத்திய பதிவு இல்லை. உள்ளேயிருந்து புடைத்திருந்தது.

அது மடங்கியது. நீண்டது.

குழாய் கொள்கிற மண் ஒரு கைப்பிடிதான். ஆனால் மண் வந்துகொண்டேயிருந்தது. வழிந்தது. திரண்டது. மகா இரண்டு கையாலும் அதை ஏந்தி வாங்கினாள். அவளுடைய வயிறு காலிச் சாக்காகத் தளர்ந்து தொங்குவதை அப்போதுதான் அவன் பார்த்தான். ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

"மகா. வேண்டாம். கீழ போடு."

அவள் சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, கறுத்த சேற்றை மடியில் கிடத்தி, ஜாக்கெட் கொக்கிகளை அவிழ்த்தாள்.

வெளியே பூட்டு கிளிக்கென்றது. கதவு திறந்தது. கணுக்கால் தண்ணீரில் ஜலீல் குடையோடு நின்றார்.

"எந்தா அண்ணாச்சி ஒச்ச? எஞ்சின் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது" என்று எரிச்சலோடு ஆரம்பித்தவர், மகாவைப் பார்த்ததும் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ. பெத்தாச்சா?"

அந்நிய ஆண்பிள்ளையைப் பார்த்ததும் மகா வெட்கத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். தலைப்பில் கறுப்பு ஈரம் மெல்லப் படர்ந்தது. உள்ளே அது சப்பிச் சப்பிக் குடிக்கிற சத்தம் நிற்கவில்லை.