எந்தக் கால் முதலில்?

மேபல் இன்னொரு நாள் தாமதமாக வந்தால் காலை வாசிப்பில் அவளுடைய இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். நூலக ஆசிரியை மிஸ் ஹால்வர்சன் புதன்கிழமை மாலை ஐனோவிடம் அப்படித்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் என்றார்.

ஐனோ ஆறாம் வகுப்பு. மேபல் முதல் வகுப்பு. காலையில் பெரிய பிள்ளை ஒன்று சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கேட்க வேண்டும். மேபல் இப்போதுதான் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாகப் படிக்கத் தொடங்கியிருந்தாள். இந்த நேரத்தில் விட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று ஐனோவுக்குத் தெரியும்.

குற்றம் மேபலுடையது அல்ல. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் பள்ளியில் மூன்று நல்ல காரியங்கள் ஒன்றாகத் தொடங்கின. உணவறையில் மிஸ் கோவல்சுக் எல்லோருக்கும் காலை உணவு கொடுத்தார். மைதானத்தில் மிஸ்டர் டியூபே எல்லோரையும் நடக்க வைத்தார். நூலகத்தில் மிஸ் ஹால்வர்சனின் வாசிப்பு. மூவரும் நல்லவர்கள். ஆனால் ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவர் கேட்டதே இல்லை.

நடுவில் பனிக்கால்சட்டை ஒன்று இருந்தது.

கனடாவின் தண்டர் பே ஊரில் ஜனவரி மாதம், உடைக்கு மேல் மாட்டும் அந்தத் தடித்த கால்சட்டை இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. அதை மாட்டிக்கொண்டு யாரும் உணவறைக்குள் வரவும் முடியாது. தரையெல்லாம் பனி உருகிக் குளமாகிவிடும். ஊருக்கு வெளியிலிருந்து வரும் மேபலின் பஸ்தான் கடைசி. இறங்கியதும் அவள் பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையைக் கழற்றி, உணவறைக்கு ஓடுவாள். உட்காரும்போதே மிஸ்டர் டியூபேயின் விசில் கேட்கும். திரும்ப ஓடி எல்லாவற்றையும் மாட்டுவாள். நடந்து முடித்து மறுபடி கழற்றுவதற்குள் ஜிப் சிக்கிக்கொள்ளும். அங்கே வாசிப்பு பாதி முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஐனோ பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தாள். குளிரில் மூக்கு மரத்துப்போனது. மேபல் இறங்கியதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"இன்னைக்கு நடக்கப் போக வேணாம். சத்தம் போடாம என்கூட வா."

"விசில் அடிப்பாரே?"

"அடிக்கட்டும்."

அங்கிகள் தொங்கும் இடத்தில், கனமான கோட்டுகளுக்குப் பின்னால், ஐனோ அவளுடைய கால்சட்டையைக் கழற்றத் தொடங்கினாள். ஜிப் வழக்கம்போலச் சிக்கியது. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வரவில்லை.

வெளியே விசில் கேட்டது. பிறகு மறுபடியும் கேட்டது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

மேபல் பஸ்ஸிலிருந்து இறங்கியதை மிஸ்டர் டியூபே பார்த்திருக்கிறார். இப்போது வரிசையில் அவள் இல்லை. இந்தக் குளிரில் சின்னப் பிள்ளை ஒன்றைக் காணவில்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? மைதானத்துக்கு அப்பால் உறைந்த ஓடை வேறு.

ஒளிந்தே இருந்தால் மேபலின் இடம் தப்பும். ஆனால் வெளியே அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரல் நடுங்கியது.

ஐனோ கோட்டுகளை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "சார், இங்க இருக்கா. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

மிஸ்டர் டியூபே உள்ளே வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். சத்தம் கேட்டு உணவறையிலிருந்து மிஸ் கோவல்சுக்கும் நூலகத்திலிருந்து மிஸ் ஹால்வர்சனும் வந்துவிட்டார்கள்.

மேபல் நடுவில் நின்றாள். ஒரு கால் கால்சட்டைக்குள், ஒரு கால் வெளியே.

"மாட்டும்மா, எல்லாரும் குளிர்ல நிக்கிறாங்க" என்றார் மிஸ்டர் டியூபே.

"கழட்டு மேபல், இன்னைக்கும் லேட்டு" என்றார் மிஸ் ஹால்வர்சன்.

"முதல்ல புள்ள சாப்பிடட்டும்" என்றார் மிஸ் கோவல்சுக்.

மேபல் காலை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். மறுபடி உள்ளே விட்டாள். உதடு துடித்தது.

ஐனோ ஓரடி முன்னால் வந்தாள். "மிஸ், அவ கால உள்ள விடணுமா, வெளிய எடுக்கணுமா? மூணு பேரும் சேர்ந்து ஒண்ணு சொல்லுங்க. தினமும் இப்படித்தான் நிக்கிறா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிஸ் ஹால்வர்சன் மெதுவாகக் குனிந்தார். "நேத்து நீ சாப்பிட்டியா?"

"மோந்து பார்த்தேன்" என்றாள் மேபல்.

மிஸ் கோவல்சுக் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

ஐனோ சொன்னாள்: "பஸ்ஸுல இருந்து எறங்கும்போதே மாட்டிக்கிட்டுத்தானே வர்றா. அப்படியே நடந்துட்டு வரட்டும். அப்புறம் ஒரே தடவை கழட்டலாம். சாப்பிட்டுக்கிட்டே படிக்கட்டும்."

புத்தகத்தில் ஜாம் ஒட்டுமே என்று மிஸ் ஹால்வர்சன் தயங்கினார். ஜாமே வைக்காமல் ஆப்பிள் வெட்டித் தருகிறேன் என்றார் மிஸ் கோவல்சுக். நடையைக் கொஞ்சம் முன்னதாகவே வைத்துக்கொள்வதில் தனக்கொரு சிரமமும் இல்லை என்றார் மிஸ்டர் டியூபே. பிறகு ஐனோவின் பக்கம் திரும்பினார்.

"யோசனை நல்லாருக்கு. ஆனா இன்னொரு தடவை புள்ளைய ஒளிச்சு வெச்ச, என் உயிரே போயிடும்."

"மன்னிச்சிடுங்க சார்." ஐனோ உண்மையாகவே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மேபல் சிவந்த கன்னங்களோடு உள்ளே வந்து, எல்லாவற்றையும் ஒரே தடவை கழற்றி எறிந்தாள். ஆப்பிளைக் கடித்தபடி உணவறை மேசையில் புத்தகத்தை விரித்தாள். தப்பும் தவறுமாக, நின்று நின்று, ஒரு பக்கம் முழுவதும் படித்துவிட்டாள்.

அடுத்த பக்கத்தைத் திருப்ப ஐனோ கையை நீட்டினாள். அதற்குள் மேபலே திருப்பிவிட்டாள்.