முகட்டில் யாரும் இல்லை

மழைக்காலத்துக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி, மடத்தின் மதிலைத் தடவிக்கொண்டு முகட்டுக்கு வந்து, அங்கே இறந்தவர்களுக்காக நட்டிருந்த நெடிய வெள்ளைக் கொடிகளையெல்லாம் வடக்கே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கொடி மட்டும் தெற்கே பறந்தது.

அது செத்துப்போன தம்பி நோர்சாங்கின் கொடி. டிச்சென் அதைப் பார்த்தாள். பார்க்காதவள்போல நடந்து போய், பனிமலையைப் பார்ப்பதற்காகப் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். மலையைக் காணோம். கம்பித் தடுப்புக்கு அப்பால் மூடுபனி பால் பொங்குவதுபோல எழுந்துகொண்டிருந்தது.

காலையில் சிவன் கோயில் வளைவில் ஜீப்காரர்கள் அவளை நிறுத்திப் பேசியிருந்தார்கள்.

"கோச்சுக்காதீங்க திதி," என்று தொடங்கினான் பீர்கா. அவன்தான் அவர்களுக்கெல்லாம் தலைவன்; அவளை ஊரே திதி, அக்கா, என்றுதான் கூப்பிடும். "கோயிலைக் காட்டுறோம், மடத்தைக் காட்டுறோம், ஒரு வம்பும் இல்ல. மேல முகட்டுக்கு டூரிஸ்டுங்களைக் கூட்டிட்டுப் போனாத்தான், 'அங்க முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது யாரு'ன்னு கேக்குறாங்க."

"ராத்திரி நீ ஊத்திக் குடுத்த தோங்பா அவங்களுக்கு இன்னும் தெளியல போல."

எல்லோரும் சிரித்தார்கள். மோமோ கடை மாய்லி சிரிக்கவில்லை. "நான் குடிக்கறவ இல்ல திதி. நானும் பாத்தேன். உங்க வருசத்துல பொறந்தவங்க பொணத்தைப் பாக்கக் கூடாதுன்னு லாமா நாள் பாத்துச் சொன்னாரா இல்லையா? தூக்கறப்ப அந்த வருசத்துக்காரங்க எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க மட்டும் திருப்பல."

"எந்தம்பிக்கு நான் ஏன்டி மூஞ்சியைத் திருப்பணும்?"

"அதான் அவரு போக மாட்டேங்கிறாரு."

டிச்செனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏழு வாரமும் மடத்தில் அவன் பெயருக்கு வெண்ணெய் விளக்கு அணையாமல் எரிந்தது. செத்தவன் போகவில்லை என்றால் வீட்டார் சடங்கில் குறை வைத்தார்கள் என்று பொருள். அந்த மடம் நிற்கிற நிலத்தைக் கொடுத்த குடும்பத்தைப் பார்த்து அப்படிச் சொல்வதா? கொடியை வெட்டிச் சாய்த்து, நோர்சாங்கின் பெயரைச் சொல்லிப் பேய் அடக்கும் பூஜை செய்ய வேண்டுமாம். அதுவரை முகட்டுக்கு வண்டி வராதாம்.

"பொழுது சாயற வரைக்கும் நான் தனியா அங்க உக்காந்திருக்கேன்," என்றாள். "நீங்க கீழ நின்னு குரல் குடுங்க. யாரும் இல்லன்னு நான் சொல்லிட்டா கொடி நிக்கும். அதுக்கப்புறம் ஒருத்தன் வாயிலயும் எந்தம்பி பேரு வரக் கூடாது."

பீர்கா தொப்பியைக் கழற்றினான். "நீங்க சொன்னா போதும் திதி. உங்க வீட்டுல பொய் பேசி நாங்க கேட்டதில்ல."

இப்போது பனி முகட்டை முழுக்க மூடிவிட்டது. மடத்து ஊதுகுழல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல நீளமாக முனகி அடங்கியது. ஈரத் துணி கம்பத்தில் அறையும் சத்தமும், ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து சொட்டுச் சொட்டாய் விழும் நீரின் சத்தமும், தன் மூச்சின் சத்தமும் தவிர அவள் காதில் வேறெதுவும் விழவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. கடைசிக் கம்பத்தின் அடியில் ஒரு மூட்டை இருந்தது. தடுப்புச் சுவர் கட்டுகிறவர்கள் விட்டுப்போன மணல் மூட்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பனி மூடியது. மறுபடி விலகியபோது மூட்டை அதற்கு முந்தைய கம்பத்தடியில் இருந்தது.

நடந்த சத்தம் இல்லை. இழுத்த தடம் இல்லை.

தூப இலை கருகிய வாசனை வந்தது. அதன் பின்னாலேயே வெண்ணெய் தீய்ந்த வாசனை. சிதையின் வாசனை. பிணத்தைச் சிதையில் உட்கார வைக்க அந்த மூட்டை மாதிரிதான் கட்டுவார்கள்: முழங்கால் மார்போடு ஒட்டியிருக்கும், தலை குனிந்திருக்கும், முகத்தின்மேல் வெள்ளைத் துணி. நோர்சாங்கை மஞ்சள் பட்டால் கட்டினார்கள். அந்தப் பட்டை அவள்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மூடியது. விலகியது.

பட்டின் நிறம் தெரிந்தது.

எழுந்து ஓடலாம். கீழே அத்தனை பேர் நிற்கிறார்கள். ஓடி வருகிறவளை அவர்கள் பார்ப்பார்கள். டிச்சென் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நோர்சாங்," என்றாள். குரல் நடுங்கவில்லை. "உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்? குறை இருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. இல்லன்னா போ. ஊரு சிரிக்கற மாதிரி இங்க வந்து உக்காராதே."

பனி மூடியது.

பெஞ்சின் மறுமுனையில் கனமான ஏதோ அமர்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். முகத்துத் துணி உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. மறுபடி உள்ளே. ஈரச் சாம்பல் பெஞ்சில் வழிந்து அவள் பக்கம் வந்தது. பக்கு உடையின் ஓரம் நனைந்தது. சுட்டது.

கீழிருந்து பீர்காவின் குரல் வந்தது.

"திதி! பொழுது சாஞ்சிருச்சு! யாராவது இருக்காங்களா?"

மஞ்சள் பட்டின் முனை அவிழ்ந்து அவள் கணுக்காலைத் தொட்டது. சுற்றியது. குளிர்ந்த, பழகிய கை ஒன்று முடிச்சுப் போடுவதுபோல நிதானமாக.

"திதி! மேல வரட்டுமா?"

ஒரு வார்த்தை போதும். வந்துவிடுவார்கள். வந்து பார்ப்பார்கள். இவனை. இந்தக் கோலத்தில்.

டிச்சென் மூச்சை இழுத்துக்கொண்டாள். முகடு அதிரக் கத்தினாள்.

"யாரும் இல்ல!"

கீழே சிரிப்பும் கைதட்டலும். "நான்தான் சொன்னேனே!" என்று யாரோ மாய்லியைக் கிண்டல் செய்தார்கள். "கொடி நிக்கட்டும் திதி! நாங்க கெளம்புறோம்! மெதுவா எறங்கி வாங்க!"

ஜீப்புகள் உறுமின. முதல் வளைவு.

பட்டு இறுகியது. முழங்கால்கள் தானாக மடங்கி மேலே எழுந்தன. செருப்பு கழன்று விழுந்தது.

இரண்டாம் வளைவு. இன்னும் கேட்கும் தூரம்தான்.

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அருகில் இருந்தது தன் முகத்துத் துணியை எடுத்தது. அவள் முகத்தின்மேல் போர்த்தியது.