பின்பக்கம் காட்டிய அம்பு

லைனுக்கு சப்ளை கொடுத்துவிட்டு ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தபோது, ரிலேயின் சின்னத் திரையில் அம்பு பின்பக்கம் காட்டியது.

ரிலேக்காரருக்கு அது பிடிக்கவில்லை. வெளியே தகரக் கூரையில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, சப்ஸ்டேஷன் கண்ட்ரோல் ரூமில் பேட்டரி அமிலத்தின் புளித்த வாடையும் டிரான்ஸ்ஃபார்மரின் ஓயாத உறுமலும், சாயங்கால வெளிச்சத்தில் நீண்டுகொண்டே போன பேனல்களின் நிழல்களும் அவரைச் சுற்றி நெருங்கி நின்றன.

அந்த ரிலேயின் வேலை எளிது. கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால், எந்தத் திசையில் கசிகிறது என்று பார்க்கும். முன்னால், லைனில் கசிந்தால் உடனே சப்ளையை அறுத்துவிடும். பின்னால், ஸ்டேஷன் பக்கம் என்றால் கண்டுகொள்ளாது. அதற்கு வேறு ரிலே உண்டு. ஆனால் முன் எது, பின் எது என்று அதற்குத் தானாகத் தெரியாது. வோல்டேஜ் கொண்டுவரும் இரண்டு ஒயர்களை வைத்துத்தான் திசையை முடிவு செய்யும். காலையில் அந்த ஒயர்களைக் கழற்றி மாட்டியவர் இவர்தான்.

மாற்றி மாட்டியிருந்தால்?

கசிவு சிறியதுதான். ஒரு மரக்கிளை உரசினால் வருகிற அளவு. அல்லது ஓர் ஆள்.

இல்லை. அந்த லைனில் வேலை பார்த்த லைன்மேன் அவருடைய மச்சினன். அவனேதான் சற்று முன் போனில் சொன்னான். "எல்லாரும் இறங்கியாச்சு மாமா. காப்புக்கு மாட்டின எர்த் ராடையும் எடுத்தாச்சு. லைன் போடுங்க."

"சரிடா மாப்ள. நனையாம வந்து சேரு. இல்லேன்னா உங்கக்கா என்னைத்தான் வறுத்தெடுப்பா."

வழக்கமாக இதற்குச் சிரிப்பான். சிரிக்கவில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதலில் சப்ளையை நிறுத்தியிருக்க வேண்டும். அது தோன்றவில்லை. கை ஒயரைத்தான் தேடியது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார்.

அம்பு முன்னால் திரும்பியது.

தடால். பிரேக்கர் விழுந்து சப்ளை அறுந்தது.

போன் அடித்தது. லைன் வேலை மேஸ்திரி.

"யாரைக் கேட்டுய்யா லைன் போட்ட? உன் மச்சினன் மேலேயே இருக்கான்யா!"

"அவன்தானே போன் பண்ணான்."

"என்னய்யா உளர்ற? அவன் போன் ஜீப்புக்குள்ள கிடக்கு. பூட்டின சாவி என் இடுப்புல இருக்கு. ராடை எடுங்க, ஒரு போல்ட்டை இறுக்கிட்டு இறங்குறேன்னான்..."

"எப்படி இருக்கான்?"



"கம்பியைப் பிடிச்ச கை இன்னும் விடல."

அவர் போனை மேசைமேல் வைத்தார். அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை. விரல்கள் வேறு யாருடையவையோ போலிருந்தன.

லைன் செத்திருந்தது. கசிவு பூஜ்யம்.

முதுகுக்குப் பின்னால் நீர் சொட்டியது. கருகிய வாடை. பூட்ஸ் ஒன்று தரையில் இழுபட்டது.

அவர் திரும்பவில்லை.

தோளை உரசிக்கொண்டு ஒரு கை நீண்டது. கறுத்துப்போன கை. இல்லாத கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரிய முடியாத அந்த விரல்களின் கணுக்கள் ஸ்விட்சைத் தேடி, பேனல்மேல் மெல்ல, பொறுமையாக உரசின.

"லைன் போடுங்க மாமா."