நடுக்கடலில் உடைந்த முனை

"டிக்!"

சத்தம் என்னவோ சின்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் சுஹைரா சட்டென்று நிமிர்ந்தாள்.

வாப்பாவின் கையில் இருந்த மல்டி டூலைப் பார்த்தாள். குறடு, கத்தி, அரம், தகரம் வெட்டி என்று பத்துச் சாமான்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கியிருக்கும் அதிசயப் பொருள் அது. கத்தரில் வேலை செய்யும் றுவைஸ் மாமா அனுப்பியது. அதில் இருந்த ஸ்குரூ டிரைவரின் முனையை இப்போது காணவில்லை. அது உடைந்து, துள்ளி, கடலுக்குள் போய்விட்டது.

ஆம், அவர்கள் நின்றது கடலில். நண்டு வலையை இழுத்து முடித்து, படகில் கிண்ணியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் போகும் பாதையைக் கடக்கும்போது, எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது.

மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. அது வாப்பாவுக்குப் பெரிய விஷயமே இல்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் தங்கும் சின்னக் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்குரூ இருக்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் அது உப்புக் காற்றில் இறுகிக் கிடந்தது. வாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். திரும்ப வேண்டியது திரும்பவில்லை, உடையக் கூடாதது உடைந்தது.

"வேற ஸ்குரூ டிரைவர் இல்லையா வாப்பா?"

"வீட்டில கிடக்கு. இந்தச் சாமான் இருக்கேக்க அது எதுக்கு எண்டு வெச்சிட்டு வந்தனான்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"பூம்ம்ம்ம்!"

சுஹைரா திரும்பினாள். ஒரு சீமெந்துக் கப்பல் சங்கு ஊதியபடி வந்துகொண்டிருந்தது. தூரத்தில்தான் வந்தது. ஆனால் அவர்களுக்கு நேரே வந்தது. அவ்வளவு பெரிய கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. விலக வேண்டியது இவர்கள்தான். இவர்களுடைய எஞ்சினோ செத்துக் கிடந்தது.

வாப்பாவின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"உன்ட மாமா! கத்தரில இருந்து டூப்ளிகேட் சாமானை வாங்கி என்ட தலையில கட்டிட்டான்! வரட்டும் அவன், கேக்கிறன் ஒரு கேள்வி!"

மல்டி டூலைக் கடலில் வீசக் கையை ஓங்கினார்.

முனை ஏன் உடைந்தது என்று சுஹைராவுக்குத் தெரியும். இப்போது பேசாமல் இருந்தால், பழி மாமாவின் தலையில் விழும். குறடும் கடலுக்குள் போய்விடும்.

"எறியாதீங்க வாப்பா! மாமாவில பிழையில்ல. நான்தான்!"

"என்ன நீதான்?"

"நேத்து குறிஞ்சாக்கேணிக் கரையில, கல்லில ஒட்டியிருந்த சிப்பிய அதாலதான் நெம்பினனான். முனையில ஒரு வெடிப்பு விழுந்தது. பயத்தில சொல்லல்ல."

வாப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஓங்கிய கையும் அப்படியே நின்றது. ஏசுவார், கட்டாயம் ஏசுவார் என்று சுஹைரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூம்ம்ம்ம்!"

ஏசுவதற்குக் கப்பல் நேரம் கொடுக்கவில்லை.

சுஹைரா எஞ்சினை எட்டிப் பார்த்தாள். "வாப்பா, ஸ்குரூட தலை வெளிய நீட்டிட்டுத்தானே இருக்கு! குறடால பிடிச்சுத் திருப்பினா என்ன? நீங்க துடுப்பப் போடுங்க, நான் திருப்புறன்!"

வாப்பா ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு மல்டி டூலை அவள் கையில் வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். வலிக்கத் தொடங்கினார். நண்டுப் பாரத்தோடு படகு மெல்ல அரக்கி அரக்கித்தான் நகர்ந்தது.

சுஹைரா உயிர்காப்பு அங்கியை இறுக்கிக்கொண்டு மண்டியிட்டாள். குறடு ஒரு தரம் வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது. மூன்றாம் தரம், கைப்பிடியை இரண்டு கைகளாலும் சேர்த்து அமுக்கி, மூச்சைப் பிடித்துத் திருப்பினாள்.

"கிரீச்!"

"அசையுது வாப்பா! அசையுது!"

ஸ்குரூ சுழன்றது. தண்ணீர் வடிந்தது. பிறகு நல்ல மண்ணெண்ணெய் வந்தது. அதே குறடால் ஸ்குரூவைத் திரும்ப இறுக்கினாள். வாப்பா துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து கயிற்றை இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது இழுப்பில் எஞ்சின் உறுமியது!

படகு பாய்ந்தது. அவர்கள் நல்ல தூரம் விலகிய பிறகுதான் கப்பல் அந்த இடத்தைக் கடந்து போனது. அது கிளப்பிய அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நண்டுகள் எல்லாம் ஒரு பக்கமாக உருண்டன.

வாப்பா எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்.

"கோபமா வாப்பா?" என்று சுஹைரா மெல்லக் கேட்டாள்.

வாப்பா தாடியைச் சொறிந்தார். "கோபப்படத்தான் பார்க்கிறன், ஏலாமக் கிடக்கு. போன கிழமை பெயின்ட் வாளிட மூடிய நானும் அதாலதான் நெம்பித் திறந்தனான். முனை கொஞ்சம் வளைஞ்ச மாதிரித்தான் தெரிஞ்சது. நானும் வாயத் திறக்கல்ல."

"நீங்களுமா!"

"மெல்லக் கதை புள்ள. உம்மாட காதில விழுந்திடும்."

சுற்றிலும் கடல்தான் இருந்தது. சுஹைராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போனதும், குசினியில் நின்ற உம்மாவிடம் இரண்டு பேரும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கப்பல் கதையைக் கேட்டு உம்மா நெஞ்சில் கை வைத்தார். முனை உடைந்த கதையைக் கேட்டதும் அவருடைய அகப்பை கறிக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"யா அல்லாஹ்! அதால நான் கிழமைக்கு ரெண்டு தரம் சிரட்டையில தேங்காய் கிண்டுறனானே!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. கத்தரிலிருந்து றுவைஸ் மாமா. உம்மா போனை வாப்பாவிடம் நீட்டினார். வாப்பா அதைச் சுஹைராவிடம் நீட்டினார்.

"என்ன மருமகள், நான் அனுப்பின சாமான் எப்பிடி? உறுதியா நிக்குதா?"

சுஹைரா வாப்பாவைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

"சாமான் நல்ல சாமான் மாமா. இண்டைக்கு எங்கட உயிரையே காப்பாத்தினது. ஆனா ஸ்குரூ டிரைவர்ட முனை உடைஞ்சு போச்சு. நாங்க மூணு பேரும்தான் ஸ்குரூவ விட்டுட்டு, மத்த எல்லாத்தையும் அதால கழட்டிப்போட்டம்!"